ஊர்ச் சாவுக் கணக்கைப் படிப்பது எப்படி

ஊரின் சுகாதார வரலாற்றை எழுதப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் பெரிய ஆஸ்பத்திரி. எந்த வருஷம் கட்டியது, எந்தக் கவர்னர் திறந்து வைத்தார், எத்தனை படுக்கை என்று குறித்துக்கொண்டு, வாசலில் இருக்கும் கல்வெட்டையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அது கட்டடத்தின் வரலாறு. அந்த ஊரில் யார் செத்தார்கள், அதே நோய் வந்த வருஷத்தில் யார் தப்பித்தார்கள் என்பதற்கெல்லாம் கல்வெட்டில் இடம் கிடையாது.

நான் பாலாற்றங்கரை நகராட்சி ஒன்றில் சானிடரி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். குப்பை, சாக்கடை, கொசு மருந்து, ஓட்டல் சோதனை எல்லாவற்றோடும் பிறப்பு இறப்புப் பதிவும் எங்கள் தலையில்தான். கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் என்று நோட்டோடு வரும்போது அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். சுருக்கமாக: என்ன நோய் என்று கேட்பதற்கு முன்னால், செத்தவர் எந்தத் தெரு என்று கேளுங்கள்.

முதலில் முகவரி

இறப்புப் பதிவேட்டின் ஒரு வரியில் இறந்த தேதி, பெயர், ஆணா பெண்ணா, வயது, தகப்பன் அல்லது கணவன் பெயர், இறந்த இடம், நிரந்தர முகவரி, தொழில், இறப்புக்குக் காரணம், தகவல் கொடுத்தவர் என்று வரிசையாக இருக்கும். வருகிறவர்கள் எல்லோருக்கும் காரணப் பத்தியின் மேல்தான் கண். அது கிடைக்காது. 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி யார் கேட்டாலும் பதிவேட்டிலிருந்து சான்று எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அதில் இறப்பின் காரணம் மட்டும் வெளிவரக் கூடாது. நல்ல விதிதான். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நோயில் போனார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

கிடைத்தாலும் அதை அப்படியே நம்ப முடியாது. வீட்டில் நடந்த சாவுக்கு வீட்டுக்காரர் சொன்னதே காரணம். வயதானவர் என்றால் ‘முதுமை’, நடுவயது என்றால் ‘மாரடைப்பு’. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாலும் சரி, குடல் வெந்து போனாலும் சரி, கடைசியில் மாரடைப்புதானே என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து அறிக்கைகளில் இந்த வேலையை ‘காய்ச்சல்’ செய்தது. காலரா, அம்மை, பிளேக் என்று பெயர் வைத்த நோய்களில் அடங்காததில் பெரும்பகுதி அந்த ஒரு தலைப்பில்தான் போய் விழுந்தது. மலேரியாவும் அதுவே, டைபாய்டும் அதுவே.

முகவரி அப்படிப் பொய் சொல்வதில்லை. அதிலும் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், குடியிருந்த ஊரில் அல்ல. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருப்பதால் சுற்று வட்டாரத்துச் சாவெல்லாம் வேலூர்க் கணக்கில் ஏறும். உங்கள் கிராமத்துப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் ஊரே ஆரோக்கியமாக இருப்பதுபோலத் தெரியும். அதனால் ‘இறந்த இடம்’ வேறு, ‘நிரந்தர முகவரி’ வேறு என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு எண்ணைக்கூட எழுதாதீர்கள்.

சரி, பதிவேட்டையே காட்ட மாட்டார்களே, என்ன செய்வது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெள்ளைத் தாளில் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். பெயர் கேட்காதீர்கள், வார்டு, வருஷம், ஆண் பெண், வயதுப் பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். ‘அவ்வாறு தொகுக்கப்பட்ட விவரம் இவ்வலுவலகத்தில் இல்லை’ என்று பதில் வரலாம். அப்போது அடுத்த மனுவில், மேல் அலுவலகத்துக்கு மாதாமாதம் அனுப்பிய பிறப்பு இறப்பு அறிக்கைகளின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். அது ஏற்கெனவே தயாராக இருக்கும் காகிதம். இல்லை என்று சொல்லக் கஷ்டம்.

பதிவாகாத சாவு

பதிவேட்டில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பவை பச்சைக் குழந்தைகளின் சாவு. பிறந்து சில நாளில் போன குழந்தைக்குப் பிறப்பும் பதிவாகாது, இறப்பும் பதிவாகாது. வந்ததே தெரியாமல் போய்விட்டது என்று வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். பதிவானாலும் பெயர் இருக்காது. ‘பெண் குழந்தை’, ‘ஆண் குழந்தை’ என்றுதான் இருக்கும். கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும் தாய்சேய்ப் பதிவேடு இந்த விஷயத்தில் எங்கள் பதிவேட்டைவிட நம்பகமானது. அந்தம்மா வீடு வீடாகப் போகிறவர், நாங்கள் மேசையில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள்.

அந்தப் பதிவேடுகளால் வெளிவந்த பெரிய விஷயம் ஒன்று உண்டு. 1990களில் சேலம், தருமபுரி, மதுரைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெண் சிசுக்களின் சாவில் ஒரு பகுதியைச் ‘சமூகக் காரணங்களால்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். பெண் சிசுக்கொலை வெறும் வதந்தி அல்ல, எண்ணிக் காட்டக்கூடிய ஒன்று என்று ஆய்வாளர்கள் நிறுவியதற்கு இந்தப் பதிவுகள்தான் ஆதாரம். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் வந்தது இந்தப் பின்னணியில்தான். ஆண் சிசு சாவையும் பெண் சிசு சாவையும் எப்போதும் தனித்தனியாக எண்ணுங்கள். கூட்டிப் போட்டால் இதெல்லாம் கரைந்துவிடும்.

பழைய அறிக்கையில் சண்டையைத் தேடுங்கள்

1947க்கு முந்தைய காலத்துக்கு எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பக்கத்திலேயே 1896இல் திறந்த கன்னிமரா நூலகம் இரண்டும் போதும். சென்னை மாகாணச் சானிடரி கமிஷனரின் வருடாந்தர அறிக்கைகளையும், பிற்காலத்துப் பொதுச் சுகாதார இயக்குநரின் அறிக்கைகளையும், நகராட்சிகளின் நிர்வாக அறிக்கைகளையும் கேளுங்கள். சென்னை மாகாணத்துக்கு 1939இலேயே தனிப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. நான் வேலை பார்த்த காலத்திலும் நோட்டீஸ் கொடுக்க அதன் பிரிவுகளைத்தான் எழுதுவோம்.

இந்த அறிக்கைகளில் அட்டவணையைவிட முக்கியமானது, அதிகாரிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. ஒத்துப்போகும் இடத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்: மக்களுக்குச் சுத்தமில்லை, பழக்கம் சரியில்லை, திருவிழாவுக்குப் போய்க் காலராவை வாங்கிக்கொண்டு வருகிறார்கள் என்று. கருத்து வேறுபடும் இடத்தில்தான் உண்மை கசியும்.

தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1876 முதல் 1878 வரை. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாக ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்றால் 450 கிராம் சொச்சம். சானிடரி கமிஷனராக இருந்த டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் அதை எதிர்த்து எழுதினார். வேலை செய்யும் உடம்புக்கு இது போதாது, ஒன்றரை ராத்தல் வேண்டும், பருப்பு வேண்டும் என்பது அவர் வாதம். அந்த மே மாதம் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் செத்தவர்கள் செத்துப்போனார்கள்.

அந்தக் காலத்துப் பதிவேட்டில் காரணப் பத்தியை மட்டும் பார்த்தால் காலரா, பேதி, காய்ச்சல் என்றுதான் இருக்கும். ‘ஒரு ராத்தல்’ என்று எந்தப் பத்தியிலும் இருக்காது. கார்னிஷும் டெம்பிளும் அடித்துக்கொண்ட காகிதங்களைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான், சோற்று அளவை நிர்ணயித்த ஆணைக்கும் பேதிச் சாவுக்கும் இருக்கும் தொடர்பு பிடிபடும். உங்கள் ஊர் விஷயத்திலும் இப்படி ஒரு சண்டை நிச்சயம் நடந்திருக்கும். நகர்மன்றத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டுங்கள். ‘தள்ளிவைக்கப்பட்டது’ என்று திரும்பத் திரும்ப வரும் தீர்மானம் எந்தத் தெருவைப் பற்றியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றத் தீர்ப்புகளையும் விடாதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. திண்டுக்கல் பக்கத்து 13 கிராமங்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கு அதில் இருக்கிறது. கிணறு கெட்டால் பணமுள்ளவர் கேன் தண்ணீர் வாங்கிவிடுவார். எங்கள் பக்கம் நாங்கள் கண்ணால் பார்த்தது அதுதான்.

இது யாருக்காகக் கட்டியது?

கட்டடங்களைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கேள்வியை மாற்றுங்கள். சென்னையில் ஏழு கிணறு என்று ஒரு பகுதி இருக்கிறது. 1772 வாக்கில் கேப்டன் பேக்கரின் திட்டத்தில் அங்கே கிணறுகளிலிருந்து எடுத்த தண்ணீர் வெள்ளைக்காரர்கள் இருந்த கோட்டைக்குப் போனது. கிணறு இருந்ததோ நம் ஆட்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தில்.

வடசென்னையில் வயதானவர்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். 1782இல் ஹைதர் அலி போரின்போது வந்த பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. சேப்பாக்கத்தில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை இன்னும் பலருக்குக் கோஷா ஆஸ்பத்திரிதான். 1885இல் டாக்டர் மேரி ஷார்லீப் முயற்சியில் தொடங்கியபோது அதன் பெயரிலேயே ‘சாதிப் பெண்கள், கோஷாப் பெண்கள்’ என்று இருந்தது. கோஷா என்றால் பிற ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் இருக்கும் வழக்கம். ஆண் மருத்துவரிடம் போகாத பெண்களுக்கு அது உயிர் காத்த இடம், சந்தேகமில்லை. சாதி இந்துப் பெண்ணுக்கென்று ஒரு வாசல் திறந்தால், அதற்குள் வராதவள் எங்கே பிரசவித்தாள் என்றும் கேட்க வேண்டும்.

காசநோய்க்கு வருவோம், ஏனென்றால் இதில் சென்னைக்கு உலக வரலாற்றிலேயே இடம் உண்டு. 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்தில் சானடோரியம் ஆரம்பித்தார்; அந்தப் பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு என்பதுதான் அப்போது வைத்தியம். ஆறு மாதம் படுக்க யாரால் முடியும்? அன்றாடம் கூலிக்குப் போகிறவர் படுத்தால் வீட்டில் உலை ஏறாது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. சென்னையின் ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் இன்னொரு பகுதியினரை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு இடநெருக்கடி, மட்டமான சாப்பாடு. அப்படியும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் இந்த முடிவு வெளியானது. வீட்டிலிருந்தே வைத்தியம் என்பது உலக நாடுகளுக்குப் போன பாதை இதுதான்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் சாப்பாடும் வீடும் முக்கியமில்லை என்று ஒரு மாணவர் எழுதிக்கொண்டு வந்தார். இல்லை, தம்பி. மருந்து சாப்பிட்டால் யார் பிழைக்கிறார் என்பது ஒரு கேள்வி. முதலில் யாருக்கு நோய் வருகிறது என்பது இன்னொரு கேள்வி. ஆராய்ச்சி பதில் சொன்னது முதல் கேள்விக்கு. இரண்டாவதுக்குப் பதில் வீட்டின் அளவிலும் வயிற்றிலும் இருக்கிறது. உங்கள் கட்டுரையில் இந்த இரண்டையும் குழப்பாதீர்கள்.

தண்ணீரின் வழியே நடந்து போங்கள்

வரைபடம் போடுவது கட்டாயம். கையால் வரைந்தால் போதும். கிணறு, அடிபம்பு, மேல்நிலைத் தொட்டி, குழாய் போகும் வழி, சாக்கடை வடியும் திசை, குப்பைமேடு, சுடுகாடு, இடுகாடு. வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் எந்த நிலம் நத்தம் (குடியிருப்பு நிலம்), எது சேரி நத்தம், எது புறம்போக்கு என்று பாருங்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றி எழுதிய குறிப்பில் அவர்களுக்கு வீட்டு மனைகூடச் சொந்தமில்லாத நிலை பதிவாகியிருக்கிறது. நிற்கிற மண்ணே தன்னுடையது இல்லை என்றால் கிணறு எங்கே வெட்டுவது? 1920களில் மாகாணத் தொழிலாளர் துறை சேரிகளுக்குக் கிணறு வெட்டும் வேலையை எடுத்துக்கொண்டது. உங்கள் ஊரில் அப்படி ஒரு கிணறு இருந்தால் தேதியைத் தேடுங்கள். ஊர்க் கிணற்றின் வயதுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதே ஒரு பத்தி எழுதப் போதும்.

அப்புறம் குளோரின். காலையில் தண்ணீர் விடும் நேரத்துக்குச் சுகாதாரப் பணியாளரோடு கூடவே போங்கள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஆர்த்தோடொலிடின் சில சொட்டு விட்டால் குளோரின் இருக்கும் அளவுக்கு மஞ்சள் ஏறும். தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் நல்ல மஞ்சள். பஜாரைத் தாண்டினால் எலுமிச்சைச் சாறுபோல வெளுக்கும். டெயில் எண்டில், அதாவது குழாய் முடியும் கடைசி முனையில், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டிய இடத்தில், பல காலைகளில் நான் பார்த்தது நிறமே ஏறாத வெறும் தண்ணீர். டெயில் எண்ட் எந்தத் தெருவில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குழாய் எங்கே ஆரம்பித்து எங்கே முடிய வேண்டும் என்று யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து கோடு போட்டிருக்கிறார்கள். அந்த வருஷத்துத் திட்ட மதிப்பீட்டைத் தேடிப் பிடியுங்கள்.

கணக்கு

இங்கேதான் பலர் சறுக்குவது. உதாரணத்துக்கு, 5,000 பேர் இருக்கும் வார்டில் ஒரு வருஷத்தில் 30 சாவு, 1,200 பேர் இருக்கும் வார்டில் 15 சாவு என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையில் முதல் வார்டு இரண்டு மடங்கு. ஆயிரம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் முதலாவது 6, இரண்டாவது 12.5. கதையே தலைகீழ்.

வார்டு வாரியான மக்கள்தொகை, தாழ்த்தப்பட்டோர் எண்ணிக்கை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எண்ணிக்கை எல்லாம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடைக்கும். 2021இல் எடுக்க வேண்டியது தள்ளிப்போனதால் சமீப வருஷங்களுக்கு இது பழைய கணக்குதான். கட்டுரையில் அதைச் சொல்லிவிடுங்கள். சின்ன வார்டில் ஒரு விபத்து நடந்தாலே விகிதம் எகிறிவிடும். ஐந்து வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள். வயதானவர்கள் அதிகம் வாழும் தெருவில் சாவும் அதிகமாகத்தான் இருக்கும், அதனால் 60 வயதுக்குள் செத்தவர்களை மட்டும் தனியாக ஒப்பிடுங்கள். அதில் தெரியும் வித்தியாசத்துக்கு முதுமையைக் காரணம் காட்ட முடியாது.

சாவு வயதின் சராசரியை மட்டும் எடுக்காதீர்கள். இங்கிலாந்தில் எட்வின் சாட்விக் தொழிலாளிகளின் சுகாதார நிலை பற்றி 1842இல் போட்ட அறிக்கை இந்த வழியில்தான் புகழ்பெற்றது: மான்செஸ்டரில் மேல்தட்டுக் குடும்பங்களின் சராசரி சாவு வயது 38, வியாபாரிகளுக்கு 20, தொழிலாளிகளுக்கு 17. கிராமப்புறமான ரட்லண்டில் தொழிலாளிக்கே 38. நகரத்துக் கனவானும் கிராமத்துக் கூலியாளும் ஒரே வயதில்! படித்தால் மனதில் ஒட்டிக்கொள்ளும், எனக்கும் பிடித்த அட்டவணை. ஆனால் குழந்தைகள் அதிகமாக இருக்கும் இடத்தில் அந்தச் சராசரி தானாகவே கீழே இறங்கும். இதை அந்தக் காலத்திலேயே சுட்டிக்காட்டிவிட்டார்கள். வித்தியாசம் நிஜம்தான், அளந்த கோல் சரியில்லை. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் எத்தனை போயிற்று என்ற கணக்கு இதைவிட உறுதியானது.

ஆட்களிடம் கேட்பது

யாரிடம் கேட்கலாம்? பழைய மருத்துவச்சி, வெட்டியான், ஓய்வுபெற்ற துப்புரவுப் பணியாளர், கம்பவுண்டர். எடுப்புக் கக்கூஸ் காலத்தில் மலத்தைத் தலையில் சுமந்தவர்களுக்கு எந்த வீட்டில் யாருக்குப் பேதி என்பது டாக்டருக்கு முன்னாலேயே தெரியும். அவர்களிடம் மட்டும் யாரும் போய்க் கேட்பதில்லை.

‘ஆயா, இந்த ஊர்ல காலரா எப்ப வந்துச்சு?’ என்று ஆரம்பித்தால் ‘அதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம்’ என்ற பதில்தான் வரும். ‘அப்ப தண்ணி எங்க போய் எடுப்பீங்க? உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு, தங்கினது எத்தனை?’ என்று கேளுங்கள். ‘ஒம்பது பெத்தா எங்கம்மா, தங்கினது நாலு’ என்று தானாகவே வரும். வருஷத்தைக் கல்யாணம், புயல், தேர்தல் என்று ஏதாவதோடு கட்டிப் பார்க்கலாம். அம்மை போட்டதைப் பற்றி மரியாதையாகக் கேளுங்கள். ‘அம்மா வந்திருந்தா’ என்றுதான் சொல்வார்கள், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975இல் என்பதால், பெரியம்மைத் தழும்புள்ள முகம் எதுவும் அதற்கு முந்தைய காலத்தின் சாட்சி. கோயில்களையும் பாருங்கள். கோவையில் பிளேக் மாரியம்மன் என்றே கோயில் இருக்கிறது.

எழுதும்போது

பெயர் வேண்டாம். கதவு எண் வேண்டாம். ஒரு தெருவில் ஐந்து பேருக்குக் குறைவாக இறந்திருந்தால் தெருப் பெயரையும் விட்டு வார்டோடு நிறுத்துங்கள். சின்ன ஊரில் யார் வீடு என்று நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘அந்தத் தெருவில் சாவு அதிகம்’ என்று எழுதும் வரியிலேயே ‘அந்தத் தெருவுக்குக் குழாய் வந்த வருஷம் இது’ என்றும் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் முற்றுப்புள்ளி வைத்தால், அந்த ஆட்களே அப்படித்தான் என்று படிப்பவர் முடித்துக்கொள்வார்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு நகலை அந்தத் தெருவிலேயே உரக்கப் படித்துக் காட்டுங்கள். தேதியும் திசையும் அங்கே திருத்தம் பெறும். அப்புறம் கிளை நூலகத்துக்கு ஒன்று, வார்டு கவுன்சிலருக்கு ஒன்று. கவுன்சிலர் ‘இந்த நம்பரெல்லாம் தப்பு’ என்று கட்டாயம் சொல்வார். மனு எண், அறிக்கையின் வருஷம், பக்க எண் மூன்றையும் அடியிலேயே எழுதி வைத்திருந்தால் வாயால் பதில் சொல்ல வேண்டிய வேலை மிச்சம்.